காகங்கள் மாத்திரமே பயன்பெறுகின்றன

1

இந்தக் கதையில் வருகிற தண்ணீர்த் தாங்கிக்கு நீல நிறம் பூசியிருந்ததா, பச்சையா என்பது எனக்கு நிச்சயமில்லை. நேரில் பார்த்திருக்கிறேன். இருந்தும் நிச்சயமில்லை. இதிலுள்ள வேறு சிலவற்றையும் நான் பிழையாக நினைவு வைத்திருக்கக்கூடும். நிச்சயமாக இருப்பது ஒன்றுதான், அது அச்சில் இருக்கிறது.

ஊர் நூலகமொன்றில் ஹன்சாட் தொகுதிகள் வைத்திருக்கும் அலுமாரிக்கு அருகில் ஒரு கதிரை உண்டு. நாடாளுமன்றத்தில் பேசியதையெல்லாம் அச்சிட்டு அடுக்கிய அந்த அலுமாரிப் பக்கம் யாரும் வருவதில்லை. நாட்டிலேயே அதிகம் சத்தம் போடுகிற இடத்தின் பதிவேடுகள் நாட்டிலேயே அமைதியான மூலையில் இருக்கின்றன. எனக்கு அமைதி பிடிக்கும். அங்கேதான் இருப்பேன்.

போர் முடிந்து எட்டாம் வருடத்துத் தொகுதி ஒன்றில், எழுத்துமூல வினாக்களின் நடுவே, ஒரு கேள்வி கண்ணில் பட்டது. கரைத்தீவுப் பக்கத்துக் குடியேற்றம் ஒன்றின் நீர்த்தாங்கியைப் பற்றியது. [குடியேற்றத்தின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் யாராவது கேள்வி கேட்பார்கள்.] அதில் ஒரு வரி: "...காகங்கள் மாத்திரமே பயன்பெறுகின்றன என்பதையும் அவர் அறிவாரா?" அமைச்சரின் பதிலில் ஒரு வரி: "அதன் பின்னர் காகங்கள் மாத்திரமே பயன்பெறுகின்றன."

கேட்டவர் எதிர்க்கட்சி. பதில் சொன்னவர் அரசாங்கம். இரண்டையும் எழுதியது ஒரே கை என்று எனக்குப் பட்டது.

அந்தக் கையைத் தேடிப் போனேன். பிரதேச செயலகமொன்றின் சைக்கிள் கொட்டகையில், ஒரு சிறு மேசையும் தமிழ்த் தட்டச்சு இயந்திரமும் வைத்துக்கொண்டு அது இருந்தது. நான் முன்னாலிருந்த வாங்கில் போய் இருந்தேன். பேசவில்லை. மேசையிலிருந்த பெண் தன் தாளை அடித்து முடித்தார். கால் மணித்தியாலம் கழித்துத்தான் கேட்டார்:

"மனுவா, முறைப்பாடா?"

"சும்மா வந்தன்."

"சும்மாவுக்குப் படிவம் இல்லையே."

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று வாரம் யோசித்தேன்.

முதல் தொடக்கம்: "வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், கையில் ஒரு பையோடு மன்னாரிலிருந்து படகேறிய பத்தொன்பது வயது நஃபீஸா—"

விட்டுவிட்டேன். படகு உண்மை, பையும் உண்மை. ஆனால் அப்படித் தொடங்கினால் நீங்கள் கைக்குட்டையை எடுத்துவிடுவீர்கள். அதன்பிறகு உங்களிடம் குழாயைப் பற்றிப் பேச முடியாது. சைக்கிள் கொட்டகையில் தட்டச்சு செய்யும் அந்த நஃபீஸாவிடமே கேட்டேன். "அத விடுங்க தம்பி. அதுக்கு நாப்பது தரம் படிவம் நிரப்பியாச்சு," என்றார்.

இரண்டாம் தொடக்கம்: "மக்களாட்சியின் ஆணிவேர் கேள்வி கேட்கும்—"

பாடசாலைப் பேச்சுப்போட்டி போல இருந்தது. மணி அடித்து இறக்கிவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம்: "தாஹிர் ஹெல்மட்டைக் கழற்றாமலே சைக்கிள் கொட்டகைக்குள் வந்தார்." இதை வைத்துக்கொள்கிறேன். இலக்கியம் இல்லை என்றாலும் ஆள் உள்ளே வந்துவிட்டார்.

3

தாஹிர் ஹெல்மட்டைக் கழற்றாமலே சைக்கிள் கொட்டகைக்குள் வந்தார். மாவட்டத்து எம்.பி. ஒருவரின் இணைப்பாளர் அவர். அந்த எம்.பி.யை எல்லோரும் ஹாஜியார் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

"ராத்தா, அவசரமா ஒரு கேள்வி வேணும்."

"கேளுங்க."

"எனக்கில்ல. ஹாஜியார் கேக்கிறதுக்கு. பேப்பர்ல பட்டியல் போட்டீக்கிறாங்க ராத்தா, எந்த எம்.பி. எத்தினை கேள்வி கேட்டதெண்டு. எங்கட ஆள் கடைசில இருந்து மூணாவது."

"மத்த ரெண்டு பேரும்?"

"ஒருத்தர் மௌத்தாப் போயிட்டார். மத்தவர் வெளிநாட்டுல ஈக்கிறார்."

நஃபீஸா சிரிக்கவில்லை. தொழிலில் சிரிக்கக் கூடாது. காணி உறுதி தொலைந்தவர், வாக்காளர் இடாப்பில் பெயர் விடுபட்டவர், பிறப்புச் சான்றிதழில் ஆணாகப் பதியப்பட்ட பெண் எல்லோரும் அந்த வாங்கில்தான் இருப்பார்கள். யார் வந்தாலும் எழுதிக்கொடுப்பார். யார் வந்தது என்று இன்னொருவரிடம் சொல்ல மாட்டார். அந்த மேசை அங்கே இருப்பதற்கு எழுத்தில் அனுமதி கிடையாது. எத்தனையோ வருடத்துக்கு முன்னர் ஒரு பிரதேச செயலாளர் காரில் ஏறும்போது தலையை ஆட்டியிருந்தார். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் மேசை இருந்தது.

"எதப் பத்திக் கேக்கணும்?"

"எதையாவது. கேள்வி மாதிரி ஈந்தா போதும்."

இந்த இடத்தில் நஃபீஸா நீண்ட நேரம் பேசாமல் இருந்தார் என்று எழுத ஆசை. எனக்கு அப்படிப்பட்ட இடங்கள் பிடிக்கும். உண்மையில் அவர் உடனே தாளைச் செருகினார். ஏழு வருடமாக அந்தக் கேள்வி அவரிடம் தயாராக இருந்தது.

ஏழு வருடத்துக்கு முன்னர் நஃபீஸா இருக்கும் குடியேற்றத்தில் தண்ணீர்த் தாங்கி திறந்தார்கள். விடியற்காலையில் பவுசர் ஒன்று வந்து தாங்கியை நிரப்பிவிட்டுப் போனது. பத்து மணிக்குப் பெரியவர் ஒருவர் வந்து குழாயைத் திருகினார். தண்ணீர் வந்தது, கை தட்டினார்கள், படம் எடுத்தார்கள். பின்னேரம் தாங்கி காலி. பிரதான வீதியில் போகும் குழாய்க்கும் தாங்கிக்கும் நடுவே இருநூறு மீற்றர் இடைவெளி. அதை யாரும் இணைக்கவில்லை. அன்றிலிருந்து தாங்கியின் உச்சியில் காகங்கள் குடியிருந்தன. நஃபீஸாவின் குசினி யன்னலைத் திறந்தால் முதலில் தெரிவது அவைதான்.

கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடிநீர் பவுசர் மூன்று நாளுக்கொரு முறை, சில வாரம் அதுவும் இல்லை. பவுசர் வராத நாளில் வீட்டுக்கு வருகிறவர்கள் தேநீரில் ஒரு வாய் குடித்துவிட்டு, நோன்பு பிடித்திருப்பதாகச் சொல்லிப் போனார்கள். நஃபீஸாவின் கணவர் றஸீன் உப்பளத்தில் வேலை. "பகல் முழுக்க உப்பு அள்ளுறன். இரவைக்கு வந்து அதையே குடிக்கிறன்," என்பார்.

ஆகவே நஃபீஸா எழுதினார்:

(அ) மேற்படி குடியேற்றத்தில் நீர்த்தாங்கி ஒன்று திறந்துவைக்கப்பட்டது என்பதை அவர் அறிவாரா?
(ஆ) அதற்கு இன்றுவரை நீர் இணைப்பு வழங்கப்படவில்லை என்பதையும், அதனால் காகங்கள் மாத்திரமே பயன்பெறுகின்றன என்பதையும் அவர் அறிவாரா?
(இ) நீர் எத்திகதியில் வழங்கப்படும் என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?
(ஈ) இன்றேல், ஏன்?

தாஹிர் வாசித்தார். "காகம் வேணுமா ராத்தா?"

"காகம் ஈந்தாத்தான் பேப்பர்ல போடுவாங்க."

தாஹிர் ஹெல்மட்டோடு போனார்.

4

[இந்தப் பகுதியில் ஒன்றும் நடக்காது. அவசரமானவர்கள் ஐந்துக்குப் போகலாம்.]

சபையில் எழுந்து கேட்டால் அமைச்சர் எழுந்து வேறெதையாவது பேசுவார். முந்தைய அரசாங்கத்தைத் திட்டுவார். யாராவது மேசையில் தட்டுவார்கள். நேரம் முடிந்துவிடும். எழுத்தில் கேட்டால் அது நடக்காது. எங்கேயோ ஓர் அலுவலகத்தில் யாரோ ஒருவர் கதிரையில் இருந்து, (அ)வுக்கு ஒன்று, (ஆ)வுக்கு ஒன்று என்று எழுதித்தான் ஆகவேண்டும். எழுதியது அச்சாகிறது. அச்சானது நான் இருக்கும் அந்த மூலைக்கு வந்து சேர்கிறது. அமைச்சர் மாறலாம், தாள் மாறாது. ஒரு கிழமை கழித்து, ஒரு வருடம் கழித்து, "இப்படிச் சொன்னீர்களே" என்று காட்டலாம். பேசியதை மறுக்கிற துணிச்சல் எல்லோருக்கும் உண்டு. எழுதியதை மறுக்க வேண்டுமானால் சபைக்கு வந்து "நான் சொன்னது பிழை" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன அமைச்சர் ஒருவரை நான் இன்னும் எந்தத் தொகுதியிலும் சந்திக்கவில்லை.

இதிலுள்ள பலவீனம், அந்த "யாரோ ஒருவர்" யார் என்று கேட்டவருக்கும் தெரியாது, பதில் சொன்னவருக்கும் தெரியாது என்பதுதான். இந்தக் கதை அந்தப் பலவீனத்தின் மேல்தான் நிற்கிறது.

மாதங்கள் போயின. அமைச்சர் அவகாசம் கேட்டார், பின்னர் இன்னொரு அவகாசம். அதற்கிடையில் கேள்வியின் கடைசி வரி நஃபீஸாவின் வீட்டில் குடியேறியது.

"றஸீன், பாண் வாங்கினீங்களா? இன்றேல், ஏன்?"

"கடை பூட்டு."

"எத்திகதியில் திறக்கும்?"

"யா அல்லாஹ், நான் உப்பளத்துக்கே திரும்பிப் போறன்."

5

மரியநாயகம் ஐயாவை எனக்கு ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. முதல் வரைவில் அவருக்குத் தொப்பையும் தங்கப் பல்லும் வைத்து வில்லனாக்கப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் அவர் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டார். பல்லைக் கழற்றவேண்டியதாயிற்று. தொப்பை உண்மை என்பதால் இருக்கட்டும்.

கற்பிட்டிக்காரர், மீன்பிடிக் குடும்பம், அந்தக் குடியேற்றத்துக்குக் கிராம உத்தியோகத்தர். நஃபீஸாவுக்கு 'மாத்தயா', அதாவது ஐயா. ஓய்வு பெறப் பதினான்கு மாதம் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, தடித்த கோவையொன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சைக்கிள் கொட்டகைக்கு வந்தார்.

"பிள்ளை, உயிர் போற வேலை. நாளைக்குள்ள பதில் குடுக்கவேணும். உன்னை மாதிரி எனக்கு எழுத வராது."

நஃபீஸா கோவையைத் திறந்தார். மேலே பிரதேச செயலகத்தின் முகப்புக் கடிதம். அதன் கீழே மாவட்டச் செயலகத்தினுடையது. அதன் கீழே இன்னொன்று, இன்னொன்று, அமைச்சினுடையது. ஐந்து கடிதத்திலும் "உடனடி" என்று சிவப்பு முத்திரை. எல்லாவற்றுக்கும் அடியில் நான்கு வரி. அவருடைய நான்கு வரி.

மேலே கேட்ட கேள்வி, படிப்படியாக இறங்கி, கேட்டவரிடமே வந்திருந்தது.

"ஆரோ வேலை வெட்டி இல்லாதவன் எழுதியிருக்கிறான் பிள்ளை," என்றார் மரியநாயகம். "பார், காகமாம். காகத்துக்கும் நான் பதில் சொல்லவேணுமாம். மாதா சத்தியமா, முப்பத்தாறு வருஷ சேவையில காகத்தைப் பற்றி ஒருத்தனும் என்னட்டக் கேட்டதில்லை."

"தண்ணியப் பத்திக் கேட்டீக்கிறாங்களா மாத்தயா?"

அவர் யோசித்தார். "இல்லை. வருஷா வருஷம் படிவம் வரும். 'நீர்த்தாங்கி உண்டா?' எண்டு ஒரு பெட்டி. இருக்குதுதானே, சரி போடுவன். உள்ளுக்கு என்ன இருக்கெண்டு ஒருத்தனும் கேக்கேல்லை."

"இப்பக் கேட்டாச்சு."

"அதுதான் பிரச்சினை. நீ இப்பிடி அடி: (அ) ஆம். (ஆ) இல்லை. (இ) எழவில்லை. (ஈ) எழவில்லை. அவ்வளவுதான். விசாரணை வராது, நானும் பென்சனோட போயிடுவன்."

"எழவில்லை" என்பது இந்த உலகத்துச் சொல். அந்தக் கேள்விக்கு இடமே இல்லை என்று பொருள். அதை எழுதிவிட்டால் தாங்கியில் தண்ணீர் இருக்கிறது என்று நாடாளுமன்றத்தின் பதிவேடு சொல்லும். அதன்பிறகு யார் போய்க் கேட்டாலும் ஹன்சாட்டைத் திறந்து காட்டுவார்கள். இருநூறு மீற்றர் குழாய் என்றைக்கும் வராது. றஸீன் சாகும்வரை உப்புத் தேநீர் குடிப்பார்.

யார் வந்தாலும் அவர் கேட்டபடி எழுதிக்கொடுப்பதுதான் தொழில். மறுத்தால், தலையாட்டலை நம்பியிருக்கும் மேசை எத்தனை நாளைக்கு?

இங்கேதான் நீண்ட மௌனம் வந்தது. இதை நான் சேர்க்கவில்லை, நஃபீஸாவே சொன்னார். தட்டச்சு இயந்திரத்தில் தாள் செருகியிருந்தது. விரல்கள் மேலே இருந்தன. கொட்டகையில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

6

இந்த இடத்துக்கு மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நஃபீஸா எழுந்து நின்று, உண்மையை மட்டுமே எழுதுவேன் என்று முழங்கினார். வாசித்துக் காட்டியபோது, "இது ஆரு?" என்று கேட்டார். இன்னொன்றில் அவர் அழுதார். அதை வாசித்துக் காட்டவில்லை.

நடந்தது இதுதான். அவர் மேசைக்கடியிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து, மூடியில் தேநீர் ஊற்றினார்.

[தேநீர் நானாகச் சேர்த்தது என்றுதான் நினைத்திருந்தேன். இல்லையாம். ஆனால் அது பிளாஸ்க் இல்லை, சோடாப் போத்தல் என்கிறார்.]

"முதல்ல இதக் குடிங்க மாத்தயா. நேத்தும் பவுசர் வரல்ல."

மரியநாயகம் ஒரு வாய் குடித்தார். கடலில் பிறந்து வளர்ந்தவருடைய முகம் கோணியது.

"பிள்ளை, இது தேத்தண்ணியா, களப்புத் தண்ணியா?"

"எழவில்லை," என்றார் நஃபீஸா.

மரியநாயகம் அவரைப் பார்த்தார். கோவையைப் பார்த்தார். காகத்தைப் பற்றிய வரியை இன்னொரு தரம் வாசித்தார். பிறகு தட்டச்சு இயந்திரத்தைப் பார்த்தார்.

"நீதானா அந்த வேலை வெட்டி இல்லாத ஆள்?"

"யார் வந்தாங்கண்டு நான் சொல்றதில்ல மாத்தயா. நீங்க வந்ததையும் சொல்ல மாட்டன்."

அவர் மிச்சத் தேநீரையும் குடித்தார். ஏன் குடித்தார் என்று எனக்கு விளங்கவில்லை. அந்த ஒரு காரியத்துக்காகத்தான் பல்லைக் கழற்றினேன்.

"சரி. என்ர தலை போகாத மாதிரி எழுது."

நஃபீஸா அடித்தார்:

(அ) ஆம்.
(ஆ) ஆம். திறப்பு விழாத் தினத்தில் நீர் வழங்கப்பட்டது. அதன் பின்னர் காகங்கள் மாத்திரமே பயன்பெறுகின்றன.
(இ) இவ்வாண்டு டிசம்பர் 31ஆந் திகதிக்கு முன்னர்.
(ஈ) எழவில்லை.

"டிசம்பரா? ஆரு சொன்னது?"

"திகதி கேட்டீக்கிறாங்க மாத்தயா. திகதி எழுதாட்டிப் பதில் குறையண்டு திருப்பி அனுப்புவாங்க."

"கிராம உத்தியோகத்தன் எப்பிடிப் பிள்ளை அமைச்சருக்குத் திகதி வைக்கிறது?"

"நாங்க வைக்கிறோம். மேல பிழையெண்டா மேல வெட்டுவாங்க. அவங்கதானே பெரியாக்கள்."

"ஓம், ஓம். வெட்டுவாங்கள்," என்று மரியநாயகம் நிம்மதியோடு ஒப்பம் வைத்தார்.

7

ஒருவரும் வெட்டவில்லை.

எப்படி வெட்டாமல் விட்டார்கள் என்பதை நான் பார்க்கவில்லை, கற்பனைதான். ஆனால் கந்தோர்களில் வேலை செய்த யாரும் இதை நம்புவார்கள். பிரதேச செயலகம், திகதி களத்திலிருந்து வந்ததாக நினைத்தது. பிழையென்றால் மாவட்டம் வெட்டும். மாவட்டம், கீழே எழுதியவர்களுக்குத் தெரியாமலா என்று நினைத்தது. பிழையென்றால் அமைச்சு வெட்டும். அமைச்சு, ஐந்து முகப்புக் கடிதம் தாண்டி வந்த ஒன்றை வெட்டுவது மரியாதை இல்லை என்று நினைத்தது. ஒவ்வொருவரும், "கிடைக்கப்பெற்ற அறிக்கை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது" என்று எழுதி மேலே அனுப்பினார்கள். ஓரிடத்தில் மட்டும் ஒருவர் "காகங்கள்" என்பதைப் "பறவைகள்" என்று திருத்தினார். அதற்கு மேலே இருந்தவர், வினாவும் விடையும் பொருந்த வேண்டும் என்று திரும்பவும் காகங்களாக்கினார். அமைச்சர் அதைச் சபாபீடத்தில் வைத்தார். சிங்களத்துக்குப் போய்த் தமிழுக்குத் திரும்பியும் காகம் உயிரோடு இருந்தது.

மறுநாள் பத்திரிகையில் வந்தது. ஹாஜியார் பத்திரிகையைத் தாஹிரிடம் நீட்டினார்.

"தாஹிர், இத நானா கேட்டன்?"

"ஓம் ஹாஜியார்."

"நல்லாத்தான் கேட்டீக்கிறன்."

அதன்பிறகு ஹாஜியாருக்கு அதில் உண்மையாகவே ருசி பிடித்துவிட்டது. செப்டம்பரில் ஒரு கேள்வி: குழாய் எத்தனை மீற்றர் போடப்பட்டுள்ளது? நவம்பரில் இன்னொன்று: திகதிக்கு இன்னும் எத்தனை நாட்கள் உள்ளன என்பதை அவர் அறிவாரா? எல்லாம் சைக்கிள் கொட்டகையில் பிறந்தவை.

அமைச்சில் யாரோ அப்போதுதான் பதிலை முழுக்க வாசித்தார்கள் போலிருக்கிறது. விளக்கம் கோரும் கடிதமொன்று புறப்பட்டது: இத்திகதியை வழங்கியது யார்? அதுவும் ஐந்து படி இறங்கி, ஐந்து சிவப்பு முத்திரையோடும் மேலே போன பதிலின் முகப்புக் கடிதங்களோடும், மரியநாயகத்திடம் வந்தது. மரியநாயகம் கோவையோடு கொட்டகைக்கு வந்தார்.

"என்ர பென்சன், பிள்ளை."

நஃபீஸா அன்று மூன்று தாள் கிழித்துப் போட்டார். அவர் தாள் கிழித்து யாரும் பார்த்ததில்லை. நான்காவதில் எழுதினார்: "வினாவின் (இ) பகுதி திகதியைக் கோரியிருந்ததால் உத்தேசத் திகதி குறிப்பிடப்பட்டது. அதனை மேலதிகாரிகள் ஐவரும் பரிசீலித்து அனுப்பிவைத்தமைக்கான முகப்புக் கடிதங்களின் பிரதிகள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன."

அந்தக் கடிதம் இரண்டாம் படி வரை போனதற்குத்தான் ஆதாரம் இருக்கிறது. அதற்கு மேல் யாரும் அதைப் பார்க்க விரும்பவில்லை.

8

முடிவு.

டிசம்பர் 30ஆந் திகதி விடியற்காலையில் ஒரு பவுசர் வந்து தாங்கியை நிரப்பியது. பத்து மணிக்குப் படம் எடுத்தார்கள். நான் இங்கேயே கதையை முடிக்க விரும்பினேன். என் சுபாவத்துக்கு அது பொருத்தமாக இருந்தது. வாசகரும் பெருமூச்சு விட்டுப் புத்தகத்தை மூடியிருப்பார். நஃபீஸா ஒத்துக்கொள்ளவில்லை. "நான் அங்கயே நிப்பாட்டல்லையே, நீங்க மட்டும் ஏன் நிப்பாட்டுறீங்க?" என்றார்.

ஜனவரியில் ஹாஜியார் கேட்டார்: (அ) டிசம்பர் 30இல் வழங்கப்பட்ட நீர் பவுசர் மூலம் கொண்டுவரப்பட்டது என்பதை அவர் அறிவாரா? (ஆ) அந்தப் பவுசரின் இலக்கம் இது என்பதை அவர் அறிவாரா? இலக்கத்தைக் குசினி யன்னலால் பார்த்து எழுதியது நஃபீஸா. ஏப்ரலில் இருநூறு மீற்றர் குழாய் போட்டார்கள்.

அமைச்சர் உண்மையில் எதை அறிந்திருந்தார், எதை அறியவில்லை என்பதை எழுத எனக்கு வழியில்லை. அந்த முடிவு உங்களுடையது. கேட்பதானால் எழுத்தில் கேளுங்கள்.

மற்றவர்களுக்கு ஆனது இது. மரியநாயகம் ஓய்வு பெற்றுக் கற்பிட்டியில் இருக்கிறார். தாங்கள் வந்ததை எனக்குச் சொல்லலாம் என்று நஃபீஸாவுக்கு அனுமதி கொடுத்தது அவரும் தாஹிரும்தான். ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறது. ஹாஜியார் அந்த வருடப் பட்டியலில் நடுவுக்கு ஏறினார். அடுத்த தேர்தலில் தோற்றார். தாஹிர் இப்போது வேறொரு எம்.பி.யின் இணைப்பாளர், ஹெல்மட் அதேதான். அமைச்சர் வேறோர் அமைச்சின் அமைச்சர். சைக்கிள் கொட்டகையைத் திருத்தப்போவதாகச் சொல்லி நஃபீஸாவின் மேசையை அகற்றச் சொன்னார்கள். அந்தப் பதிலால்தான் என்று யாரும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. வீதிக்கு எதிரே போட்டோக் கொப்பிக் கடையின் வாசலில் இப்போது எழுதுகிறார். கொட்டகை இன்னும் திருத்தப்படவில்லை. காகங்கள் அதன் கூரையில் இருக்கின்றன.

றஸீன் இன்னும் உப்பளத்தில்தான் வேலை செய்கிறார். தாங்கியிலிருந்து காலையில் இரண்டு மணித்தியாலம் தண்ணீர் வருகிறது, வெள்ளிக்கிழமை தவிர. போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தேநீர் தந்தார்கள். முழுவதும் குடித்தேன். உப்பில்லை. சீனிதான் கொஞ்சம் அதிகம்.